பூட்டிய வீடுகளின் கணக்கு

நாச்சியாரிடம் மாட்டிக்கொண்டால், வீட்டில் எத்தனை பேர், அடுப்பு விறகா கேஸா, கூரை ஓடா சிமெண்ட் தகடா என்று சொல்லாமல் தப்ப முடியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடக் கேட்டுவிடுவாள். கேட்ட பிறகுதான், இன்றைக்கு வேலை இல்லையே என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொள்வாள். தொழில் அப்படி. அரசாங்கம் வீடு வீடாக எடுக்கிற கணக்கெடுப்புகளுக்கு ஒப்பந்தத்தில் கேள்வி கேட்கப் போகிறவள் அவள். ஒரு கணக்கெடுப்பு முடிந்தால் இன்னொன்று வரும். வராத மாதங்களில் புருஷனைக் கேள்வி கேட்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அந்தத் தவசிமுத்து, “சவாரி ஏத்துறதவிட இவளுக்குப் பதில் சொல்றதுதான் எனக்குப் பெரும்பாடு” என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

மடவார் வளாகத்தில் வீடு. சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ, தோளில் டேப்லெட் பை, பைக்குள் நாய்களுக்கென்று ரெண்டு பாக்கெட் பிஸ்கட். நாய்க்குப் பேர் போன ராஜபாளையத்தில் வாசல் வாசலாக ஏறி இறங்குகிறவள் அது இல்லாமல் போனால் திரும்பி வந்து சேர மாட்டாள். கால் வலிக்கிறது என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் சலிப்பு உண்டு. “எங்க கூரையக் கேட்டு என்ன செய்யப் போறீய தாயி, மாத்தியா தரப் போறீய?” என்று கேட்காத தெரு கிடையாது. சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள். உள்ளுக்குள் அவளுக்கும் அதே கேள்விதான். சொல்லுகிற பதிலை டேப்லெட்டில் தட்டுவாள், பச்சையாக ஒரு டிக் விழும், அதோடு சரி. அதெல்லாம் கிணற்றில் போட்ட கல் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே தம்பி, கருத்தப்பாண்டி. ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவன். பைக்கிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதற்குப் பிறகு தறித்தெரு வீட்டின் பின்னறைக் கட்டில்தான் அவனுக்கு ஊர், உலகம் எல்லாம். பெண்டாட்டி அய்யம்மாள் மில்லுக்குப் பகல் ஷிப்ட் போகிறாள். முன்னறையை ஒரு பேண்டேஜ் துணி வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணி, சுருள் சுருளாகத் தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். சரக்கில் ஒன்று குறைந்தாலும் அய்யம்மாள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு, வாசலை வெளியே பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிடுவாள். புருஷனையும் சேர்த்துப் பூட்டுகிறோம் என்று அவள் நினைத்ததே இல்லை. அவனால் எழுந்து வந்து தாழ்ப்பாள் போட முடியாது, சரக்கைத் திறந்து போட்டுவிட்டும் போக முடியாது, வேறென்ன செய்ய?

அந்தத் தெருவில் பாதி வீடு அப்படித்தான். ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், தெருநீளத்துக்கு ஒரே சிமெண்ட் தகட்டுக் கூரை, பின்பக்கம் வழி கிடையாது.

ஒருமுறை கணக்கெடுப்பில் தறித்தெருவே நாச்சியார் பங்குக்கு வந்தது. தம்பி வீட்டு வாசலில் பூட்டு தொங்கியது.

“ஏக்கா, நீதானா? ஷூ சத்தத்துலயே தெரிஞ்சு போச்சு” என்று உள்ளேயிருந்து குரல்.

“எப்படிலே இருக்க?”

“பூட்டியிருக்கேன்” என்று சிரித்தான். “அப்படியே போட்டுக்க.”

ஆளை நேரில் பார்த்துத்தான் கேட்க வேண்டும், கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற குரல் கணக்கில் சேராது என்பது அந்தக் கணக்கெடுப்பின் விதி. திரும்பத் திரும்ப வந்து பார்த்தும் பூட்டியிருந்தால் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அவளும் தட்டினாள். அடுத்த வீட்டுப் பூட்டுக்குப் பின்னால் டிவி ஓடியது. அதற்கடுத்த வீட்டில் யாரோ இருமினார்கள். அங்கேயும் அதையேதான் தட்டினாள்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் கழித்து, ராஜபாளையம் தீயணைப்பு நிலையத்து அதிகாரி பிரேம்குமாரிடமிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. ஊர்ச் சங்கம் ஒன்று நூற்றுச் சொச்சம் புகைக் கருவிகள் வாங்கிக் கொடுத்திருந்தது. கூரையில் மாட்டிவிட்டால் புகை பட்டதும் வீல் என்று கத்தும். எந்த வீடுகளில் மாட்டுவது என்பதுதான் கேள்வி. தேரோட்டத்து நீர்மோர் மாதிரி முந்தியவர்களுக்கு என்று கொடுத்துவிட பிரேம்குமாருக்கு மனம் இல்லை. கணக்கெடுப்பில் திரட்டியதை வார்டு, தெரு வாரியாக, பேர் இல்லாமல், யாரும் பார்க்கிற மாதிரி அரசாங்கம் இணையத்தில் போட்டிருந்தது. அதை இறக்கி, நிலையத்துக்கு வந்த தீ அழைப்புகளோடு சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் பொருந்தவில்லை. இந்தக் கேள்விகளை நேரில் கேட்ட ஆள் யாராவது இருந்தால் தேவலை என்று தேடி, அவளைப் பிடித்திருந்தார்.

நிலையத்தில் வண்டிக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ராஜபாளையம் முழுக்க வார்டு வார்டாக நிறம் பூசிக் கிடந்தது. ஓலைக்கூரை அதிகமுள்ள இடம் ஒரு நிறம், விறகடுப்பு அதிகமுள்ள இடம் ஒரு நிறம். நாச்சியார் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். அந்த மூலையில் மழையில் நனைந்துகொண்டே கேள்வி கேட்டது நினைவு வந்தது. இந்தப் பக்கம் ஒரு நாய் அவள் சேலையைக் கிழித்தது. அவள் நடந்த நடையெல்லாம் ஊராக உருண்டு திரண்டு முன்னால் நின்றது. மெய் சிலிர்த்துப் போனாள்.

“இதெல்லாம் நாங்க எடுத்ததா சார்?”

“நீங்க எடுத்ததுதான்க்கா.”

“கடவுளே” என்று உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் ஓலைக்கூரையும் விறகடுப்பும் சேர்ந்திருக்கிற இடங்களுக்குப் போனார்கள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அங்கே ஒரு பெண்பிள்ளை இவர்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓலைக்குக் கீழ அடுப்பு எரிக்கிறவளுக்கு நெருப்பப் பத்தி நீங்க சொல்லணுமாய்யா?” என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஈரச்சாக்கு. வீட்டுக்கு வீடு அதேதான். பயம் இருக்கிற இடத்தில் காவலும் இருந்தது. தீ அழைப்புகளும் அங்கிருந்து அதிகம் வரவில்லை என்பதைப் பிரேம்குமாரே ஒப்புக்கொண்டார்.

“அப்ப எங்கேர்ந்து வருது?”

வரைபடத்தில் விரல் வைத்தார். மில்களை ஒட்டிய தெருக்கள். சிமெண்ட் தகடும் கேஸ் அடுப்புமாக, கணக்கில் எந்தக் குறையும் தெரியாத வீடுகள். “இங்க மட்டும் ஏன்னுதான் புரியல. விட்டுப்போன விவரம் ஏதாவது இருக்கான்னு பாருங்க” என்றார். நாச்சியார் பட்டியலில் கண்ணை ஓட்டினாள். கூரை இருந்தது, சுவர் இருந்தது, அடுப்பு இருந்தது.

“பூட்டிய வீடுன்னு ஒண்ணு போடுவோமே சார், அது எங்க?”

“அதுல தகவல் எதுவும் இல்லியேக்கா. சலிச்ச மாவுல கப்பி மாதிரி, ஒதுக்கி வச்சிட்டேன். வேலைக்காக வெளியூர் போனவங்க வீடா இருக்கும்.”

“வெளியூரா?” அவள் குரல் இறங்கியது. “ஷிப்டுக்குப் போனவிய வீடு சார் அது. உள்ள ஆளு இருக்கும்.”

பிரேம்குமார் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தம்பி இருக்கான். பக்கத்து வீட்ல டிவி ஓடுது. அடுத்த வீட்ல இருமுதாவ. நடக்க முடியாதவிய, சீக்காளிய, சின்னப்புள்ளைய. சரக்குக்காகப் பூட்டிட்டுப் போவாவ. உள்ள ஆளோட பூட்டுன வீடுன்னு போட எங்களுக்குக் கட்டம் கிடையாது. அதான் வெறும் பூட்டுன வீடுன்னு போடுதோம்.”

அவர் ஒதுக்கி வைத்ததை எடுத்து வரைபடத்தின் மேல் போட்டார். மில்லோரத் தெருக்கள் கருத்துப்போயின. தீ அழைப்புகளின் புள்ளிகளைப் போட்டார். அத்தனையும் அந்தக் கருப்புக்குள்ளேயே போய் விழுந்தன. பொறி விழுந்தால் எழுந்து வந்து அணைக்க முடியாதவர்கள் மட்டுமே இருக்கிற வீடுகளில்தான் சின்னத் தீயும் அழைப்பு வரைக்கும் வளர்ந்திருந்தது. யாரிடமும் எந்தப் பதிலும் வாங்காமல் விட்ட வீடுகள்தான் இத்தனை பெரிய பதிலைச் சொல்லியிருந்தன.

பிரேம்குமார் ஒன்று சொன்னார். வேறொரு ஊரில் வேலை பார்த்தபோது ஒரு தீ. வாசலில் பூட்டு. அக்கம்பக்கத்தார் எல்லாரும் ‘வீடு பூட்டியிருக்கு சார், ஆள் இல்ல’ என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். அணைத்துவிட்டு உள்ளே போனால் ஒரு பெரியவர் கட்டிலில் கிடந்தார். “பூட்டப் பார்த்தா ஆள் இல்லன்னுதானேக்கா நினைப்போம்” என்றார். நாச்சியாருக்கு அந்தக் கட்டிலில் தம்பி முகம்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து அவளுக்குத் தறித்தெருவைத் தவிர வேறு நினைப்பு இல்லை. முதல் கருவியைத் தம்பி வீட்டில் மாட்டினார்கள். கத்துற டப்பா என்று தெரு அதற்குப் பேர் வைத்தது. டப்பாவும் பேரைக் காப்பாற்றியது. மிளகாய் வற்றல் தாளித்தால் கத்தும், சாம்பிராணி போட்டால் கத்தும். ஒரு வாரம் கழித்து நாச்சியார் வந்து பார்க்கும்போது அய்யம்மாள் அதற்குச் சுற்றிச் சுற்றிக் கட்டுத்துணி போட்டிருந்தாள். அடுத்த ரெண்டு வீட்டிலும் அதே வைத்தியம். ஊரே பேண்டேஜ் நெய்கிறதென்றால் அலறுகிறவனுக்குக் கட்டுப் போடுவதுதானே வழக்கம்!

“ஏட்டி, இதென்ன மண்டை ஒடஞ்சவனா, கட்டுப் போட்டு வச்சிருக்க?” என்று அவிழ்த்தாள் நாச்சியார்.

“தலைவலிக்குது மதினி. அது கெடக்கட்டும், ஒண்ணு கேக்கேன். நான் மில்லுல இருக்கும்போது இது கத்துனா, உங்க தம்பிக்குக் கேக்கும். கேட்டு? அவிய எந்திரிச்சா வரப் போறாவ?”

நாச்சியாருக்குச் சுருக்கென்றது. உள்ளே கத்தி என்ன, வெளியே திறக்க ஆள் வேண்டாமா? சாவி பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் வீட்டுச் சாவி கை மாறினால் லட்சுமியும் கை மாறிப் போவாள் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. ஒரு சாவிகூடக் கிடைக்கவில்லை. தெலுங்கு பேசுகிற வீட்டு அம்மா ஒருத்தி, “தேவுடா! சாவியா?” என்று மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொன்றும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே ஷிப்டில் போய்விட்டால் சாவி அங்கேயும் பூட்டுக்குள்தான் இருக்கும்.

வழி அவளுக்கு மில் பஸ்ஸில் கிடைத்தது. விடிந்ததும் தெருமுனையில் பஸ் நின்றது. ராத்திரி ஷிப்ட் ஆட்கள் தூக்கம் சொக்க இறங்கினார்கள், பகல் ஷிப்ட் ஆட்கள் அதே சீட்டுகளில் ஏறினார்கள். ஒருத்தர் எழுந்த இடத்தில் ஒருத்தர். நாச்சியார் நெற்றியில் தட்டிக்கொண்டாள். பகல் ஷிப்ட் வீட்டுச் சாவி ராத்திரி ஷிப்ட் வீட்டில் இருக்கட்டும், அவர்கள் சாவி இவர்களிடம் இருக்கட்டும். தெரு எந்த நேரமும் பாதி விழித்துக்கொண்டோ, குறைந்தபட்சம் எழுப்பினால் எழுந்திருக்கிற தூரத்திலோ இருக்கும்.

“சாவியக் குடுக்க வேண்டாம், மாத்திக்கிடுங்க” என்று வாசல் வாசலாகச் சொன்னாள். “பொண்ணக் குடுத்துப் பொண்ண எடுக்கோம்லா? லட்சுமி அங்கயும் போனா, அங்கேருந்து இங்கயும் வருவால்ல?”

ஜெயசித்ரா என்று ஒரு தறிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்ப சாவி மாத்துன வீடெல்லாம் சம்பந்தி வீடா அக்கா?”

அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஜெயசித்ரா வீட்டில் சும்மா கேலிக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்துத் தட்டில் சாவி மாற்றினார்கள். அடுத்த வீட்டார் தட்டோடு பூவும் வைத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் பாயசமே வைத்துவிட்டார்கள். கேலியாக ஆரம்பித்தது சடங்காகிவிட்டது. “என்ன சம்பந்தி, தூக்கமா?” என்று எதிரெதிர் வீட்டார் கேட்டுக்கொள்வதைக் கேட்கையில் நாச்சியாருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

தெரு முழுக்க மாறிற்று. ஒரு வீடு மட்டும் மாறவில்லை. அது அவள் தம்பி வீடு.

கருத்தப்பாண்டிக்குப் பக்கத்து வீடு சமுத்திரம். மில்லில் ராத்திரி ஷிப்ட். பெண்டாட்டி இல்லாத மனுஷன். வலிப்பு வருகிற மகள் முனீஸ்வரியை ராத்திரியெல்லாம் பூட்டி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். பகல் முழுக்க வீட்டில் இருக்கிற ஆள் அந்த வரிசையில் அவர் ஒருத்தர்தான். ஆனால் ரெண்டு வீட்டுக்கும் வாறுகால் சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் போக வேண்டும் என்பதில் சண்டை. போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்த சண்டை.

“அவன் கையில எஞ்சாவியா?” என்றான் கருத்தப்பாண்டி. “கெடந்து வெந்தாலும் வெந்துட்டுப் போறேன்.”

“வாயக் கழுவுலே!” நாச்சியார் கத்திவிட்டாள். “ஒனக்கு வீம்பு. எனக்கு ஒரே தம்பி. வேற ஆருகிட்டலே குடுக்கச் சொல்லுத?”

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஊருக்கெல்லாம் வழி சொன்னவளால் உடன்பிறந்தவனிடம் ஒரு சாவி வாங்க முடியவில்லை. முன்னறையில் சுருள் சுருளாக அடுக்கியிருந்த அந்த வெள்ளைத் துணியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பிய சமுத்திரம், தன் வீட்டில் நின்றபடியே ரெண்டு வீட்டுக்கும் பொதுச்சுவரிலிருந்த காற்றுத் துவாரத்துக்குள் கையை நீட்டினார். கட்டிலில் ஒரு சாவி வந்து விழுந்தது.

“எம்மக ராத்திரி ஒத்தையில கெடக்கா. அய்யம்மா வீட்லதான இருக்கும். நீங்க உங்க சாவியத் தந்தாலும் சரி, தராட்டாலும் சரி” என்று சொல்லிவிட்டு மனுஷன் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கருத்தப்பாண்டி அந்தச் சாவியை எடுத்து வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தான் என்று அய்யம்மாள் பிறகு சொன்னாள். ராத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை தனக்குத்தானே பேசிக்கொள்வது அவனுக்குக் கேட்கும். பூட்டிக் கிடக்கிறவன் அருமை பூட்டிக் கிடக்கிறவனுக்குத் தெரியாதா? காலையில் பெண்டாட்டியிடம், “ஒரு சாவி வெட்டி அந்தாளுக்குக் குடுத்துரு” என்றான். கூடவே, “வாறுகால் கேஸு வேற. அது நடக்கும்” என்றும் சொன்னான்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம். நாச்சியார் வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்தில் விவசாயக் கணக்கெடுப்பில் இருந்தாள். கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

“மதினி, நம்ம தெருவுல தீயாம். மில்லுல எல்லாரும் ஓடுதாவ. சாவி எங்கிட்ட...” அய்யம்மாள் குரல் அறுந்துபோனது. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. தம்பிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

கிணற்றுக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் பைக்கை எடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து ராஜபாளையம் பஸ். அந்தப் பஸ் அன்றைக்கு நின்ற நிறுத்தமெல்லாம் அவள் நெஞ்சில் நின்றது. சமுத்திரம் வீட்டில் இருந்திருப்பாரா? ராத்திரி முழுக்க விழித்தவர், தூங்கியிருப்பாரே. டப்பாவுக்கு மறுபடி கட்டுப் போட்டிருப்பாளோ? வாறுகால் நினைப்பு வந்து அந்தச் சாவியை எங்காவது வீசியிருந்தால்? ஊரெல்லாம் நிறம் பூசிக் காட்டிய அந்த லேப்டாப் கண்ணில் வந்தது. கருப்பாகிப் போன தெருக்களுக்குள் ஒரு புள்ளி, அது தம்பியாக இருந்துவிடக் கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

தெருமுனையில் இறங்கும்போதே புகை நாற்றம். தீயணைப்பு வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். தம்பி வீட்டு முன்னறை கரியாகக் கிடந்தது. கூரைத் தகடு வெடித்துச் சிதறியிருந்தது. பிரேம்குமாரின் ஆட்கள் கருகிய துணிச் சுருள்களை வெளியே இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து நனைத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சுத் தீ வெளியே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

வாசலில் கதவு திறந்திருந்தது. பூட்டில் சாவி அப்படியே தொங்கியது.

அவள் அந்தக் கரிக்குள் கால் வைக்கப் போனாள். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். ஜெயசித்ரா. “அக்கா, அண்ணன் நல்லாருக்காவ. அங்க பாருங்க.”

நடந்தது இதுதான். கரண்ட் மெயின் பெட்டியில் படிந்த பஞ்சுத் தூசியில் பொறி விழுந்திருக்கிறது. டப்பா கத்தியிருக்கிறது. அசந்து தூங்கிய சமுத்திரத்துக்குக் கேட்கவில்லை, மகள் முனீஸ்வரிக்குக் கேட்டிருக்கிறது. அப்பாவை உலுக்கி எழுப்பி, ஆணியிலிருந்த சாவியை எடுத்துக் கையில் கொடுத்ததும் அவள்தான். சமுத்திரம் பூட்டைத் திறந்து, எரிகிற துணிக்கு நடுவே தலையில் ஈரச்சாக்கைப் போட்டுக்கொண்டு போய், கருத்தப்பாண்டியைத் தோளில் தூக்கி வந்திருக்கிறார். முன்கை ரெண்டும் வெந்துபோயிருந்தன. வந்தவர் தெருவில் நின்று, “கூரை எல்லாம் ஒண்ணு, பரவும்! சம்பந்தி வீட்டத் தொறங்கப்பா!” என்று அடித்தொண்டையில் கத்தியிருக்கிறார். தூங்கிக்கொண்டிருந்த ராத்திரி ஷிப்ட் அத்தனையும் கைலியோடும் நைட்டியோடும் எழுந்து, மஞ்சள் குங்குமம் வைத்து வாங்கிய சாவிகளை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

நாச்சியார் ஜெயசித்ரா காட்டிய பக்கம் பார்த்தாள். தெருவின் அடுத்த ஓரத்தில், வேப்பமர நிழலிலும் கடைத் தார்ப்பாய் நிழலிலும், கட்டிலோடு, நாற்காலியோடு, பாயோடு, இடுப்பில் தூக்கி வந்து இறக்கிய வாக்கில் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள், படுத்திருந்தார்கள். ஒரு கால் வீங்கிய பெண். வாய் கோணிப்போன ஒரு தறிக்காரர். அக்காள் மடியில் ரெண்டு குழந்தைகள். இருமி இருமி மெலிந்த ஒரு ஆள். பேச்சு வராத ஒரு வாலிபன். பகல் வெளிச்சத்தில் எல்லாருக்கும் கண் கூசியது. இந்தத் தெருவை வாசல் வாசலாக அறிந்தவள் நாச்சியார். இவர்களில் பெரும்பாலோரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. கூரையைப் பார்த்திருக்கிறாள், சுவரைப் பார்த்திருக்கிறாள், பூட்டைப் பார்த்திருக்கிறாள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. உண்மையிலேயே கும்பிட்டாள்.

மரத்தடியில் கட்டிலில் சாய்ந்திருந்தான் கருத்தப்பாண்டி. முகமெல்லாம் கரி. பக்கத்தில் மகளைத் தனியே விட்டு ஆம்புலன்ஸில் ஏற மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்ட சமுத்திரத்தின் வெந்த கையை, தண்ணீர்ச் செம்பைச் சாய்த்துச் சாய்த்து நனைத்துக்கொண்டிருந்தான். சமுத்திரம் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியபடி இருந்தார்.

நாச்சியார் ஓடிப்போய்த் தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டாள். முகத்துக் கரியை முந்தானையால் துடைத்துவிட்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அந்தத் தெரு ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஒவ்வொரு முகமாக.

“ஏக்கா” என்றான் மெதுவாக. “இம்புட்டுப் பேரா உள்ள இருந்தோம்?”